மட்டம்

நூல் அறுவது எப்போதும்
பலகை கதவுப் பக்கம் போகும்போதுதான்.
ஜன்னல் பக்கம் வந்தால் ஒன்றுமில்லை.
மூன்று நாள் கவனித்துப்
பழைய கலண்டரின் முதுகில் எழுதினேன்:
ஊசி மாற்றினேன், அறுந்தது.
மேல்நூலை ஒரு சுற்றுத் தளர்த்தினேன்,
அடிப்பக்கம் இமைமயிர்போல்
சுருள் சுருளாய்த் தொங்கியது.
மிஷினைத் திட்டினேன்.
அப்போதும் அறுந்தது.

எட்டரை அடிச் சட்டம்.
தலவாக்கலையில் கேட் ஒட்டுகிற திரவியராஜ்
தண்ணீர்க் குழாயில் செய்து தந்தது.
பத்தடிக் காம்பராவுக்குள் அது வந்த நாளிலிருந்து
பிள்ளைகள் இரண்டும் அதன் கீழேதான் தூக்கம்.
இரவில் தைத்தால் முகத்தில் பஞ்சு விழுகிறதென்று
சின்னவள் குடை கேட்டாள்.

நாலாம் நாள்
மிஷின் உட்கார்ந்த பலகையிலிருந்து
சும்மா கையை எடுத்தேன்.
எட்டுச் சில்லும் உருண்டு
டவுன் பஸ்ஸைக் கண்டவன் மாதிரி
தானாகக் கதவை நோக்கிப் புறப்பட்டது.

லயத்துத் தரை.
மலை எப்படிச் சாய்ந்ததோ
அப்படியே சீமெந்தை ஊற்றியிருக்கிறார்கள்.

மட்டக்கம்பை எடுத்து வைத்துப் பார்த்தேன்.
சரி என்றது.
சொல்லாமல் என்ன செய்யும்?
பதினான்கு வருடம் கொழுந்துச் செடிமேல்
அதைப் போட்டவள் நான்.
அதற்கு மலையின் சரிவுதான் மட்டம்.
தண்ணீருக்கு வேறு.

டிஸ்பென்சரியில் வாங்கிய சேலைன் குழாய் இரண்டை
ஒன்றாகச் செருகித் தண்ணீர் நிரப்பி
நானும் பெரியவளும் ஆளுக்கொரு முனை பிடித்தோம்.
ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம்!
பாட்டாச் செருப்பை நறுக்கி
சட்டத்தின் காலுக்குக் கொடுத்தேன்.
இடதுகால் செருப்பு முழுதாகப் போயிற்று.

அதற்குப் பிறகுதான்
ரெஜினாமேரி வந்தாள்,
உரப்பையில் பதினொரு ஜெர்சியோடு.
நோர்வூட் மைதானத்தில் அவன் ஓடிய ஜெர்சிகள்.
கட்டாரிலிருந்து பேசி ஏழு மாதம்.
"மகனுக்குக் குளிருதுக்கா. போர்வையாக்கிக் குடுங்க.
நம்பருக்கு மேலேயே ஓட்டுங்க."

இழுத்தால் வரும், விட்டால் போகும்,
அப்படியொரு துணி.
விறைப்பாகக் கட்டித் தைத்தேன்.
சட்டத்தில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு
அவிழ்த்ததும் அப்பளம்போல் கோணியது.
ஒரு பாய் அளவு தையலைப் பிரித்தேன்,
இரண்டு இரவு.
இதை இறுக்கக் கூடாது.
கீழிருந்து ஒரு விரலை உயர்த்தினால்
மேலிருந்து துணியோடு அதைக் கிள்ள முடிய வேண்டும்.
அவ்வளவு தளர்வு.
ஊசியும் உருண்டை முனை.

ஒன்பதுதான் மசியவில்லை.
ரப்பர் எழுத்து. ஊசி சூடேறி ஒட்டியது,
ஒரு தையல் விழுந்தால் மூன்று தாவியது.
சவர்க்காரக் கட்டியில் ஊசியைக் குத்தி எடுத்தேன்.
நாலு அங்குலம் போனது, பிறகு பழையபடி.
மூடுபனி உள்ளே வரத் தொடங்கியிருந்தது.
விட்டுவிட்டு
ஒன்பதைச் சுற்றி, விளிம்போடு நெருக்கி
மூன்று சுற்று ஓட்டினேன்.

ரெஜினா கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.
"அவன்மேல ஊசி ஏறலையாக்கும்?"
"ஏறல."
"இருக்கட்டும். இந்தப் பக்கம்
காலுக்கு வர்ற மாதிரி போடுறேன்."

காசு எண்ணித் தந்தாள், இருநூறு குறைவு.
நான் கேட்கவில்லை.
பலகையிலிருந்து கையை எடுத்தேன்.
வைத்த இடத்தில் நின்றது.

முதலில்
ஒரு ஜோடிச் செருப்பு வாங்க வேண்டும்.