பற்று வரவு

மூன்றாவது கொக்கியையும் எடுத்தால் ஷட்டர் ஊரை எழுப்பிவிடும்.
இரண்டோடு நிறுத்தி
குனிந்து உள்ளே போவேன்.
நாலேமுக்கால்.
தேரிக்காட்டுச் செம்மண் ராத்திரியெல்லாம் நடந்து வந்து
படியில் உட்கார்ந்திருக்கும்
முதல் வாடிக்கை மாதிரி.
அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் ஜெபம்.

வீட்டில் முடியாது.
செல்வின் கணக்குப் புத்தகத்தின் மேலேயே தூங்குகிறான்.
அவன் அப்பா வாழைத்தார் லோடு ஏற்றிவிட்டு
இப்போதுதான் சாய்ந்தார்.
இங்கே அரிசி மூட்டைகளுக்கு நடுவில்
ஒரு பாமாயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.
முட்டி தேய்ந்தவள் உட்கார்ந்து ஜெபிக்கலாமென்று
நானே தீர்மானம் போட்டுக்கொண்டது.

ஸ்தோத்திரம் ஆண்டவரே,
இந்த நாளைக் காணச் செய்தீர்.
இதுவரை தடையில்லாமல் வரும்.
செல்வினுக்குக் கணக்கு வரவேண்டும்.
ஃப்ரிட்ஜ் இன்னும் ஒரு கோடை தாங்கவேண்டும்.
பச்சரிசியில் வண்டு,
அதையும் சொல்லிவிடுவேன்.
பிறகு அவர் கற்றுத்தந்த ஜெபம்.
ஆகாரம் கேட்கிற இடம் வரைக்கும் குரல் இருக்கும்.
அடுத்து வருவது கடன்.

தமிழில் எழுதிவைத்தவர்கள்
குற்றம் என்று போட்டிருக்கலாம், பிழை என்று போட்டிருக்கலாம்.
கடன் என்றே வைத்துவிட்டார்கள்.
பள்ளிக்கூட டீச்சருக்கு அது உவமையாக இருக்கும்.
எனக்குத் தராசுக்கு அடியில் நீல அட்டை நோட்டு.
இருபத்தாறாம் பக்கம் எப்சிபா,
மூவாயிரத்து நானூற்று எண்பது.
அதிலும் நாங்கள் விடுகிறது 'போல' என்று ஒரு சொல்.
ஷட்டருக்கு மூன்று கொக்கி, ஜெபத்துக்கு அந்த ஒன்று.
அந்த இடத்தை முனகித் தாண்டுவேன்,
என் காதிலேயே விழாமல்.

முதல் மணி.
கோயில்குட்டி தங்கையாவுக்கு இன்றைக்கு இடுப்புவலியா இல்லையா என்று
இழுக்கிற இழுப்பிலேயே தெரிந்துவிடும்.
தை பிறந்த வாரம், மணி அடங்குகிறபோது
மேக்கே உடைமரங்களுக்குள்
ஒரு டார்ச் ஏறி இறங்கிப் போனது.
பன்றி விரட்டுகிற ஆளென்று விட்டுவிட்டேன்.
மறுநாளும் போனது.
ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முழங்காலிட்டபோது
எனக்கு முன்னால் எப்சிபாவின் குதிகால்,
கணுக்கால் வரை கோடு கோடாக முள் கீறல்.
தார்ரோடு என் கடை வாசலை ஒட்டித்தான் போகிறது.
என் பல்பு நடுரோடு வரை எட்டும்.

மன்னித்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.
திசையன்விளை மொத்தக்கடையில்
என் பெயருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.
நானும் அந்தத் தெருவைத் தவிர்த்து
பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் போயிருக்கிறேன்,
வெயிலில், கையில் சுமையோடு.

திங்கட்கிழமை, முதல் மணிக்குக் கொஞ்சம் முன்னால்
பல்பை அணைத்தேன்.
அவ்வளவுதான் செய்தது.
சோப்பு வாசனையும் வற்றல் நெடியும்
இருட்டில் பக்கத்தில் வந்து நின்றன.
டார்ச் அன்றைக்கும் முள்ளுக்குள்தான் போனது.
செவ்வாயும் அப்படியே.
புதன்கிழமை ரோட்டில் செருப்புச் சத்தம்.
கடைக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது.
கழற்றிக் கையில் எடுத்திருப்பாள்.
நான் வந்த இருமலை விழுங்கிக்கொண்டு
கடன் என்கிற சொல்லில் நின்றேன்.
அவள் கடந்து, வேப்பமரம் தாண்டி,
மறுபடி செருப்புச் சத்தம் கேட்கிறவரைக்கும்
அந்தச் சொல்லிலேயே நின்றேன்.
ஆமென் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஏழு மணிக்கு அவள் மகள் வந்தாள்.
கால் கிலோ சீனி, ஒரு தீப்பெட்டி.
"அம்மா எழுதிக்கிடச் சொன்னா."
எழுதினேன்.
மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று நான்கு.
பொட்டலம் கட்ட நூல் தேடுகிறபோதுதான் பார்த்தேன்,
பல்பைத் திரும்பப் போடவே இல்லை.