ஃபேனை நிற்பாட்டுங்கோ

சித்திரை வெயிலில் வெள்ளவத்தையே வியர்த்து வழிகிறது.
எனக்கு மட்டும் குளிர்.
கம்பளிச் சட்டைக்கு மேல் குகதாசனின் கோட்டு,
நுவரெலியாவுக்கென்று வாங்கி
நாங்கள் போகாமல் விட்ட பயணத்தின் கோட்டு.
ஃபேனை நிற்பாட்டுங்கோ என்கிறேன்.
நிற்பாட்டுகிறார். பெனியனையும் கழற்றுகிறார்.
பத்து நிமிடத்தில் பல்கனிக்குப் போய்
ரயில் இழுத்துவரும் காற்றுக்குக் காத்து நிற்கிறார்.

ஆறு கிழமைக்கு முன் எல்லாம் நேர்மாறு.
நாடி நூற்றுப் பதினெட்டில் ஓடியது.
புதுக்கடையில், சாட்சிக்கூண்டின் பக்கத்தில் நின்று
யாரோ ஒருவரின் வேலித் தகராற்றைச்
சிங்களமாக்கிக்கொண்டிருந்தேன்.
கையில் இருந்த தாள் தன்பாட்டில் நடுங்கியது.
நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்து
இருங்கள் என்றார்.
இருபத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான்
அந்த மன்றில் நான் இருந்தேன்.

மஹரகமையில் டொக்டர் ரன்வல
மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் கீறினார்.
இது உங்கள் டீ செல், சிப்பாய்.
இது சிறுநீரகத்தில் தொடங்கி
நுரையீரலுக்குக் குடிபெயர்ந்த கட்டி.
கட்டி தன் அட்டையை நீட்டும்,
சிப்பாய் பார்த்துவிட்டுச் சரி போ என்பான்.
இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து
அந்த அட்டையைச் செல்லாமல் செய்கிறது.

அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
நான் உள்ளுக்குள் தமிழாக்கினேன், பழக்கதோஷம்.
ஹெந்துனும்பத. அடையாள அட்டை.
அந்த இடத்தில் மட்டும்
ஒரு மூச்சு பிந்தினேன்.

என் தொண்டை என்ன பிழை செய்தது என்று கேட்டேன்.
ஒன்றுமில்லை, என்றார்.
உசுப்பிவிட்டவர்கள் பக்கத்து வீட்டுக்குள்ளும் போவார்கள்.
தைரொயிட் சேர்த்துவைத்ததை எல்லாம்
ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. அதுதான் அந்த நடுக்கம்.
இப்போது அறை காலி. அதுதான் இந்தக் குளிர்.

தொண்ணூற்றாறில் ஹம்டன் ஒழுங்கையில்
இரவு இரண்டு மணிக்கு எல்லாக் கதவையும் தட்டினார்கள்.
தம்பி கணக்கியல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.
காதில் செருகிய பென்சிலோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.
நாலாம் நாள் விட்டார்கள்,
ஒன்றுமில்லை என்று.
ஒஸ்லோவிலிருந்து அவன் எடுக்கும்போது
சத்தம் குறைவது லைனிலா அவனிலா,
இன்னும் எனக்குத் தெரியாது.

ரிப்போர்ட் மேசையில் கிடக்கிறது.
டீ.எஸ்.எச். அறுபத்தொன்று.
லிம்போசைட் போன மாதத்தைவிடக் கூட.
கட்டி நாலு சென்ரிமீற்றரிலிருந்து இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது.
தைரொயிட் கெட்டவர்களில் சிலருக்கு
மருந்து நன்றாகக் கேட்கிறதாம்.
அதை நம்பிக்கொண்டிருக்கவேண்டாம் என்றும்
அவரே சொன்னார்.

தொடர்ந்து ஏற்றுவோமா?
ஏற்றுங்கள், என்றேன். கையெழுத்தும் வைத்தேன்.

நாலு வீடு உடைந்தாலும் பரவாயில்லை,
ஆளைப் பிடித்தால் சரி
என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.
அவர்களுக்கும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன்.
இப்போது அதே வசனம் என் வாயில்,
இலக்கணப் பிழை ஒன்றுமில்லாமல்.

குரல் தடித்துப்போயிற்று.
டெலிபோனில் என்னை சேர் என்கிறார்கள்.
திருத்துவதில்லை,
சேராகவே காஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு வைக்கிறேன்.

விடிய ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் ஒரு குளிசை,
கடுகைவிடச் சற்றுப் பெரிது.
அந்த வீடு செய்துவந்த வேலையை
இனி இது செய்யுமாம், சாகும்வரை.
தேத்தண்ணிக்கு இன்னும் அரை மணித்தியாலம்.
பாணந்துறைப் பக்கமிருந்து முதல் ரயில் வருகிறது.
கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு
நிமிர்ந்து பார்க்கிறேன்.

ஃபேன் ஒன்றில் சுற்றுகிறது.
யார் போட்டதென்று கேட்கவில்லை.