மூடி திறந்திருந்த அரைமணி

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
பிலோமினா கேட்டார்:
'கொசு மருந்து அடிக்க வந்தியா?'
இல்லைக்கா, காற்று எடுக்க.
'எடுத்துக்கோ.
இந்த வீட்ல அது ஒண்ணுதான் சும்மா கெடைக்குது.'

கல்மண்டபம் தாண்டி மூன்றாவது சந்து.
பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்,
அதற்கும் இதே வியர்வை.
டிசம்பர் வெள்ளம் வடிந்து ஏழு வாரம் ஆகிறது;
பீரோவுக்குப் பின்னால் மட்டும்
இன்னும் டிசம்பர்.
சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே
கறுப்பு, பச்சை,
நான் பெயர் சொல்லத் தயங்கிய ஒரு சாம்பல்.

தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்பது விதி.
ஸ்டூலை அவர்தான் தந்தார்,
அதில் நின்றிருந்த மாதாவை
டிவி மேல் ஏற்றி வைத்துவிட்டு.
அகர் தட்டின் மூடியை எடுத்தேன்.
அரைமணி நேரம் யாரும் பேசக்கூடாது,
நடக்கக்கூடாது, ஃபேன் கூடாது.
பூசைக்கு நிற்பதுபோல்
மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள்.

அரைமணி எவ்வளவு நீளம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
கீழே லாரித் தண்ணீருக்குக் குடங்கள் இடித்துக்கொண்டன.
யாரோ யாரையோ அசிங்கமாகத் திட்டினார்கள்,
பெரியவள் என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள்.
சின்னவன் ரொசாரியோ
வந்த தும்மலை மூக்கோடு பிடித்துக்கொண்டு
கண்ணில் நீர்வர நின்றான்.
அந்நேரம்
சுவரிலிருந்து புறப்பட்ட ஏதோ ஒன்று
எங்கள் நாலு பேர் மூச்சுக்குள்ளும்
ஒரு சுற்றுப் போய்வந்து
அந்தத் தட்டில் இடம்பிடித்து
உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதினெட்டாவது நிமிடம்
பிலோமினாவால் முடியவில்லை.
நேராக வந்து தட்டின் மேல் குனிந்து
அதன் காதில் சொல்வதுபோல் சொன்னார்:
'வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாத.
சுண்ணாம்ப அடிச்சிட்டு ஐந்நூறு ஏத்திடுவாரு.'

நான் பதில் சொல்லவில்லை.
விதி.

மொட்டைமாடியில் இரண்டாவது தட்டு.
கருவாட்டு வாடை, துறைமுக லாரிகளின் புகை,
கொடியில் இரண்டு பள்ளிச் சீருடை.
தின்னக்கூடியதுதானா என்று
ஒரு காக்கை தலைசாய்த்து யோசித்தது.
எதிர்மாடியிலிருந்து பனியன் போட்ட ஒருவர்
கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள், தரமணி. ஆய்வகத்தில் எண்ணினேன்.
அவ்வளவு நாறிய மாடியில் இருபத்தாறு.
ஊதுபத்தி மணத்த அறையில் நூற்றுப் பன்னிரண்டு:
வெல்வெட்டுப் பச்சை, மிளகுத்தூள் கறுப்பு,
பஞ்சுமிட்டாயைப் பிய்த்து வைத்ததுபோல் ஒன்று.
அழகாக இருந்தது,
அப்படிச் சொல்லக்கூடாதுதான்.
நடுவில், எதோடும் ஒட்டாமல்,
வெண்ணெய் நிறத்தில் ஒன்பது புள்ளிகள்,
வளைந்த ஒரே வரிசையில்.
சுண்ணாம்பு எது, ஐந்நூறு எது என்று
தேடிக்கொண்டிருந்தேன்.

மேடம் எட்டிப் பார்த்தார்.
'தட்டு மேல யாரோ பேசியிருக்காங்க.
செல்லாது. ஆட்டோகிளேவ்ல போடு.'
அந்த நூற்றுப் பன்னிரண்டு, மேடம்?
'தட்டே செல்லாதுங்கிறேன்.'

நூற்று இருபத்தொன்று டிகிரி, பதினைந்து நிமிடம்.
பச்சையும் கறுப்பும் ரகசியமும்
ஒரே கஞ்சியாகி வெளியே வந்தன.
குறிப்பேட்டில் எழுதினேன்:
வீடு ஏழு, மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்த வாரம் புதுத் தட்டோடு போனேன்.
படிக்கட்டில் காலி சுண்ணாம்பு வாளி.
பனியன் போட்டவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்,
வழிவிட்டார், சிரித்தார்கூட.
அறை பளிச்சென்று இருந்தது.
பீரோ பழைய இடத்துக்கே தள்ளப்பட்டிருந்தது.
மாதாவை இறக்கி
ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார் பிலோமினா.

அரைமணி நேரமும்
அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.
தட்டை மூடிய பிறகும்.