ரொட்டி, இரண்டு

முதல் வழக்கில் எங்களுக்கு உட்கார இடம் மட்டும்தான்.
அரசு ஒரு பக்கம், காவலாளிகள் இருவர் மறுபக்கம்,
நடுவே மேசையில், பிளாஸ்டிக் உறைக்குள்
பூபாலனின் சட்டைப் பொத்தான்.

திருடன் ஓடிவிட்டான், அது வேறு கதை.
சுட்டவை இரண்டு துப்பாக்கிகள்.
எதன் குண்டு யாருக்குள் போனதென்று
நிபுணரால் சொல்ல முடியவில்லை.
சந்தேகத்தின் பலனை
ஆளுக்குப் பாதி பிய்த்துக்கொண்டு
இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.
ஒருவன் படியில் நின்று ஷூ நாடாவைக் கட்டினான்,
நிதானமாக, இரண்டு முடிச்சு.

இது இரண்டாம் வழக்கு.
மாரிட்ஸ்பர்க், மே மாதம், ஹீட்டர் வேலை செய்யாத அறை.
இங்கே நான் வாதி. எண் ஒன்று.
எண் இரண்டு, ந்தோம்பென்லே.
அவள் குடும்பப் பெயருக்குத் தமிழில் எழுத்தில்லை.
ஐயோ பாவம் என்று நாம் உச்சுக் கொட்டுவோமே,
அந்த ஒலியில்தான் அது தொடங்குகிறது.
எதிர்த்தரப்பு வக்கீல் 'ஸே' என்று சொல்லித்
தாண்டிப் போகிறார்.

யார் குண்டு என்பது இங்கே கேள்வியில்லை,
இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே கம்பெனி.
நூற்றுக்கு ஐம்பத்தொன்று நிரூபித்தால் போதும்
என்றார் எங்கள் வக்கீலம்மா.
கெரோஷாவின் பள்ளியில்
ஐம்பத்தொன்றுக்கு நட்சத்திரம் ஒட்டமாட்டார்கள்.

பிறகு ஆயுள் கணக்கர் வந்தார்,
இருமிக்கொண்டே.
இறந்தவருக்கு வயது நாற்பத்தொன்று.
அறுபத்தைந்து வரை ரொட்டி வண்டி ஓட்டியிருப்பார்.
பெரியவருக்கு இரண்டு பங்கு, குழந்தைக்கு ஒன்று,
ஆக வீட்டுக்கு ஐந்து.
அதில், இருந்திருந்தால் அவரே தின்றிருக்கக்கூடிய
இரண்டைக் கழித்துவிட வேண்டும்.

ஐயா, அவர் தின்றது
விற்காமல் திரும்பிய ரொட்டியின் ஓரம்.
சொல்ல எழுந்தேன்.
வக்கீலம்மா என் முழங்காலில் கை வைத்தார்.

அழுததற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தாளைத் திருப்பினேன்.
இல்லை.
சவப்பெட்டிக்கு இருந்தது, ரசீது இணைக்கப்பட்டு.

இன்னொரு கழிவும் உண்டாம், மறுமணம்.
எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.
வயது முப்பத்தாறு என்றார்.
கொஞ்ச நேரம் பேசாமல் என்னைப் பார்த்தார்.
இருபது சதவீதம் என்றார்.
நல்ல உடையில் வாருங்கள் என்று
எங்கள் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.
பச்சைப் புடவை, கொஞ்சம் பவுடர்.
அதன் விலை என்ன ஆகிறதென்று
பின் வரிசையில் என் கொழுந்தன்
போனில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு மேல் அவள் முறை.
மகன் ம்லுங்கிசி, பத்தொன்பது வயது,
அதே கேட்டின் வெளியே சுட்ட சோளம் விற்றவன்.
சம்பளச் சீட்டு உண்டா?
மொழிபெயர்ப்பாளர் மெல்லக் கேட்டார், அவருக்கே கூச்சமாக.
அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.
பள்ளி நோட்டு, மூலையில் கரிக்கறை.
கடன் வைத்தவர்களின் பட்டியல்:
சிவப்புத் தொப்பி, ஒன்று.
டாக்ஸி, மூன்று.
ரொட்டி, இரண்டு.

இதை வருமானம் என்று எப்படி எடுப்பது
என்று எழுந்தது ஆட்சேபம்.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.
ஆகஸ்டுக்குத் தள்ளி வைத்தார்.

நான் அந்த ஒரு வரியிலேயே நின்றிருந்தேன்.
அன்று வண்டியை நிறுத்திவிட்டு
அவர் கேட்டுக்குத் திரும்ப நடந்தது எதற்கென்று
இரண்டு நீதிமன்றமும் கேட்டன.
எனக்குத் தெரியாது என்றே சொல்லியிருந்தேன்.

தாழ்வாரத்தில் முப்பது ராண்ட் நீட்டினேன்.
சோளம் ஒன்று பன்னிரண்டு என்று நோட்டின் அட்டையில் இருந்தது.
வாங்கமாட்டாள் என்று நினைத்தேன்.
வாங்கினாள்.
பர்ஸைக் கவிழ்த்து மடியில் சில்லறை தேடினாள்.
ஐந்து ராண்ட் கிடைத்தது.
ஒன்று பாக்கி,
ஆகஸ்டில் தருகிறேன் என்றாள்.