அரை மில்லி

தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டைத் திருப்பினார்.
"அட்ரினலின் எட்டு ஆம்ப்யூல் காலாவதி.
உபயோகம் பூஜ்யம்.
எதுக்கும்மா வாங்கி வாங்கி வீணாக்குதிய?"
சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

ஜன்னலுக்கு வெளியே
தார் ஏற்றிய லாரி
களக்காட்டு ரோட்டில் குலுங்கிப் போயிற்று.

மாடத்தியும் வாழைக்குள்ளிருந்துதான் வந்தாள்.
மூணு வருசம் முந்தி, ஐப்பசி.
சருகு அறுக்கையில்
கடந்தைக் கூட்டில் அரிவாள் பட்டுவிட்டது.
காதோரம் ஒன்று, புறங்கையில் ரெண்டு.
மூணே கொட்டு.
நடந்தே வந்தாள்.
பேர் சொன்னாள், வயசு சொன்னாள்.
"உள்ளங்கை அரிக்கி சிஸ்டர்" என்றாள்.
"தொண்டைக்குள்ள துணியத் திணிக்க மாதிரி இருக்கு."

அவில் போட்டோம்.
டெக்ஸா போட்டோம்.
எல்லாரும் போடுகிற வரிசையில் போட்டோம்.
அட்ரினலின் இல்லாமலில்லை,
பீரோவுக்குள் இருந்தது.
சாவி ஆறுமுகநயினார் அண்ணன் இடுப்பில்.
அண்ணன் ஏர்வாடியில்,
மச்சினன் மகளுக்கு நிச்சயம்.

வாச்மேன் கம்பி தேடி ஓடினான்.
அதற்குள் நானும் ஒரு பிசகு செய்தேன்:
தலை சுத்துது என்று சாய்ந்தவளை
எழுப்பி உட்காரவைத்தேன்,
ஒரு வாய் தண்ணீர் கொடுக்க.

தண்ணீர் சேலையில் கொட்டியது.

ஐகிரவுண்டுக்கு வண்டி
நாங்குநேரி தாண்டவில்லை.
'விஷக்கடி' என்று எழுதினார்கள்.
கடந்தையின் மேல் போட
ஒரு சொல் போதுமாயிருந்தது.
சாவிக்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

மறுவாரம்
மஞ்சள் மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கினேன்,
பூட்டே இல்லாதது.
ஆம்ப்யூல், சிரிஞ்சு, ஊசி
மூன்றும் ஒரே ரப்பர் பேண்டில்.
நேர்மேலே சுவரில் எழுதினேன்:

முதலில் இது.
தொடை நடுவில், வெளிப்பக்கம்.
பெரியவர்க்கு அரை மில்லி.
படுக்கவை. காலை உயர்த்து. எழுப்பாதே.
ஐந்து நிமிசம் பார். தேறாவிட்டால் இன்னொன்று.
அவில் அப்புறம்.
தெளிந்தாலும் உடனே வீட்டுக்கு விடாதே.

புதிதாக வந்த டாக்டர் பல்கீஸ்
'எழுப்பாதீர்கள்' என்று மாற்றலாமே என்றார்.
நேரமில்லை டாக்டர் என்றேன்.
சிரிக்கவில்லை அவர்;
'தேறாவிட்டால்' என்பதன் கீழ்
தானே ஒரு கோடு இழுத்தார்.

மாசம் முதல் செவ்வாய்,
பெருக்குகிற இசக்கியம்மாள் நோயாளி.
பெஞ்சில் சரிந்து "மூச்சு முட்டுதே" என்பாள்.
நாங்கள் ஓடுவோம்.
முதல் தடவை நாலு நிமிசம்,
மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியவில்லை.
இப்போது ஐம்பது நொடி.
சில நாள் அவள் கண்ணைத் திறக்காமலே கிடப்பாள்.
எனக்கு அடிவயிறு கலங்கும்.
"டீ வந்துட்டா தாயி?" என்பாள்.

இதெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
ஒன்று மட்டும் கேட்டேன்:
"ஊர்க்கோடியில சுடலை நிக்காரு சார்.
இந்த வருசம் எத்தன கள்ளனப் பிடிச்சேருன்னு
யாராவது கணக்குக் கேக்கமா?
கொடை மட்டும் தவறாம குடுக்கோம்லா."

அவர் பேனாவை மூடினார். திறந்தார்.
வட்டத்தை அடிக்கவுமில்லை.
எழுந்து வாசல்வரை போனவர்
சுவரைப் பார்த்தபடி நின்றார்.
மெதுவாகக் கேட்டார்:
"இறால் தின்னா எனக்கு உதடு தடிக்கும்.
போன தடவை கொஞ்சம் இளைப்பும் வந்துது.
அது... இதுல சேத்தியா?"

உட்காருங்க சார் என்றேன்.
ஓபி சீட்டு ஒன்று கிழித்தேன்.
சிவப்புப் பேனாவை அவரிடமே வாங்கி
தலைப்பில் எழுதினேன்,
பெரிய எழுத்தில்:
இறால்.