பச்சை வருவதற்கு முன்

சவேதா காயத்தைத்தான் முதலில் வரைகிறாள்.
கண்ணாடி வேலை அப்படி.
முன்னால் தெரிய வேண்டியது முந்திக்கொள்ளும்,
பின்னணி காத்துக் கிடக்கும்.
புகைக்கரியில் குதிரையின் கோடு,
புனிதரின் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி,
ஈட்டி முனை,
முனைக்குக் கீழே மூன்று சொட்டுச் சிவப்பு.
வலுசர்ப்பம் இன்னும் பிறக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் பச்சை தீர்ந்துபோயிற்று.
சாயக்காரன் வர வேண்டிய கார்பாத்தியக் கணவாய்
பனியில் மூடிக் கிடந்தது.
பதினோரு நாள்
ஒன்றுமில்லாததைக் குத்தியபடி
குதிரைமேல் இருந்தார் அவர்.
கீழே உட்கார்ந்து நாங்கள் மக்காச்சோளக் களி தின்றோம்.
"யாரோட ரத்தம் இது?" என்றான் சின்னவன்.
கரண்டியை நக்கிவிட்டு
"வரட்டும், தெரியும்" என்றாள்.

அதற்குள் வேறொருவன் வந்தான்,
பிரபுவின் ஆள், வரி பாக்கிக்கு.
அவன் குதிரையும் வெள்ளைதான்.
அடுப்போரம் பூட்ஸைக் காயவைத்துக்கொண்டு
படத்தையே பார்த்திருந்தான்.
"நல்ல முகம். என் சாடை இருக்கு."
போகும்போது பசுவை அவிழ்த்துக்கொண்டு போனான்.
பனியில் குளம்புத் தடம் இரண்டு விதமாகக் கிடந்தது,
சாயங்காலம் வரை.

பச்சை வந்தது.
சவேதா உடனே தொட்டுவிடவில்லை.
மெல்லிய தூரிகையால்
முதலில் கண்ணிமைகள், நீளமாக, ஒவ்வொரு மயிராக.
அப்புறம்தான் அதன்மேல் பச்சை, இரண்டு பூச்சு.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவளும் அன்று பால்குவளையைக் கழுவிக்
கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பனி உருகியதும் புறப்பட்டேன்.
முதுகில் மரச்சட்டம், நாற்பது கண்ணாடி, நடுநடுவே வைக்கோல்.
நான் தடுக்கினால்
நாற்பது வீரர்கள் ஒரே நொடியில் சாவார்கள்.
ஆகவே இஃப்திமியே என்றால் மெல்ல நடப்பவன் என்று
சுற்றுப்பட்டில் பெயர்.

சந்தையில்:
"வாலைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா, பிள்ளை அழுகிறான்."
"குதிரை நொண்டுகிறது, ரெண்டு முட்டை தள்ளு."
ஒரு கிழவர் வலுசர்ப்பத்தைத் தன் மாமியார் என்றார்;
கூட்டம் சிரித்தது, அவர் வாங்கவில்லை.
மாவுமில்காரன் மனைவி இரினா மட்டும்
கண்ணாடியை மூக்கருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.
"இந்தக் கண்ணை எங்கேயோ பார்த்திருக்கேன்."
அவள் வீடு பிரபுவின் தொழுவத்துக்கு எதிர்வரிசை.
பேரம் பேசாமல் காசைக் கொடுத்தாள்.

மிச்சத்தைத் திரும்பக் கட்டும்போது
சாயப் பக்கத்தை என் முதுகுப் பக்கமாக வைப்பேன்,
வெயில் படாமலிருக்க.
அந்தப் பக்கத்தில் ஈட்டி முனை கிடையாது,
மூன்று சொட்டும் கிடையாது.
எல்லாவற்றின் மேலும் பச்சை ஏறியிருக்கும்,
சொரசொரப்பாக, முழுசாக.

ஏற்றத்தில் நிற்கிறேன், மூச்சு வாங்க.
முதுகில்
வைக்கோல் சரசரப்பது நிற்கவில்லை.