மற்றவை

நான்கு டாக்டர்கள், நான்கு கிளினிக்:
முனிச்சாலை, வில்லாபுரம், கீரைத்துறை, அனுப்பானடி.
இருபது வருஷமாக ஒருவர் எழுதிய சீட்டை
மற்றவர் உதட்டைப் பிதுக்கிப் படித்தவர்கள்
இப்போது கூட்டாக வாடகை கட்டுகிறார்கள்
தெப்பக்குளத்துத் தென்கரையில்
டயர் கடைக்கு மேலே ஓர் அறைக்கு.

இரண்டு திரை, ஓர் இன்வெர்ட்டர்,
மத்தியானம் வரை நான்.
பிறகு சகாயராணி.

நாலு இடத்துக்கும் வரும் ஆன்லைன் கேள்விகள்
முதலில் எங்கள் கண்ணில்தான் விழும்.
சளி, சர்க்கரை, மாத்திரை தீர்ந்துவிட்டது,
பள்ளிக்கூடத்துக்கு லீவு சர்ட்டிபிகேட்.
எது உடனே, எது நாளைக்கு, எது யாருக்கு என்று
பிரித்துவிட வேண்டும்.
கீரை ஆய்வது மாதிரி என்பாள் சகாயராணி.
கீரையில் இவ்வளவு பூச்சி இருக்காது என்பேன்.

பெயர்ப்பலகை இன்னும் மாட்டவில்லை.
டாக்டர் ஜமாலுதீனுக்கும் டாக்டர் கோதைநாயகிக்கும்
யார் பெயர் முதலில் என்று இழுபறி.
அகர வரிசை ஒருவருக்குச் சம்மதம்,
வயது வரிசை மற்றவருக்கு.
டயர் கடைக்காரர் கேட்கிறார்:
"மாடியில என்னம்மா, கால் சென்டரா?"

படிவத்தில் பதினெட்டு நோய்க்குறிகள்,
பெங்களூரிலிருந்து வந்த பட்டியல்.
ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.
எதுவும் பொருந்தாவிட்டால், மற்றவை.
மற்றவையில் வந்து கொட்டுகிறது மதுரை:
கிறுகிறுங்குது.
கைகால் ஓஞ்சு போச்சு.
வயித்துக்குள்ள என்னமோ பெரளுது.
ஒரு மாதிரியா இருக்கு.
ஒரு மாதிரியா இருக்கு.
ஒரு மாதிரியா இருக்கு.

மூன்றாவது வாரம்
ஒரே எண்ணிலிருந்து பதினான்கு பேர்.
அறுபது வயது ஆண், ஏழு மாதக் கர்ப்பிணி,
ஐந்து வயதுப் பையன், மறுபடியும் ஆண்.
போலி என்று சிவப்பாக்கியது மென்பொருள்.
பூட்டவா என்று கேட்டது.
ஓகே என்று அமுக்கினேன்.
இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அமுக்கிய பிறகுதான் பதினாலாவதைப் படித்தேன்.
ஐம்பத்திரண்டு. வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர்.
மற்றவை: ஒரு மாதிரியா இருக்கு.
அதற்குக் கீழே:
சட்டை நனஞ்சு போச்சு,
ஃபேனுக்கு அடியிலதான் உக்காந்திருக்காரு.

யாரும் தன்னைப் பற்றி
உக்காந்திருக்காரு என்று எழுதுவதில்லை.

அழைத்தேன்.
வில்லாபுரத்தில் ரீசார்ஜ் கடை. தௌலத் என்றாள்.
"டைப் பண்ணத் தெரியாதவங்க வருவாங்க மேடம்,
ஆளுக்கு அஞ்சு ரூவா.
ஒரு மாதிரின்னா என்னண்ணேன்னு கேட்டேன்,
சொல்லத் தெரியலைங்குறாரு.
அதான் நான் பாத்ததையும் சேத்துப் போட்டேன்.
தப்பா?"

அவருடைய கோப்பு முனிச்சாலையில், ஜமாலுதீனிடம்.
கடையிலிருந்து நூறடியில் இருப்பது கோதைநாயகி.
அடுத்தவர் நோயாளியை அந்த அம்மா
அதுவரை தொட்டதில்லை.
இருவரையும் ஒரே லைனில் போட்டேன்.
இவர் பழைய சர்க்கரை எண்களை வாசிக்க வாசிக்க
அங்கே ஈசிஜி தாள் கிழிபடும் சத்தம்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு இருவரும் ஒரே சமயத்தில்
"பெரியாஸ்பத்திரி" என்றார்கள்.
தௌலத்தான் ஆட்டோ பிடித்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, அதே எண்:
மண்டி அண்ணன், ஐம்பத்திரண்டு.
மாத்திரை போட்டா வாய் கசக்குதாம்.
மூட்டை தூக்கலாமான்னு கேக்குறாரு.
வேணாம்னு நானே சொல்லிட்டேன், சரிதானே?

பலகை இன்னும் சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறது,
பெயர் எழுதாமல்.
பட்டியலில் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது,
வாந்திக்கும் வீக்கத்துக்கும் நடுவே, பத்தொன்பதாவதாக.
ஒரு மாதிரிக்கு இங்கிலீஷில் என்ன என்று
பெங்களூரிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.
பதில் போடவில்லை.
சகாயராணி வரட்டும்.